ஊராட்சி அலுவலகக் கணினிகளும் பாப்-அப் சாளரங்களும்

வண்டியூர்க் கண்மாயில் நீர் நிறைந்திருக்கையில், ஒரு வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்று கரையை வெட்டுவார் எவருமிலர். உரிய மடையைத்தான் திறப்பர். அவ்வூர் 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. சுற்றுப்புற ஊராட்சிகளின் கணக்குகளோ 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் போன்ற தளங்களின் வாயிலாக நடைபெறுகின்றன.

அரசுத் தளங்கள் சில, ரசீதையோ அறிக்கையையோ தனிச் சாளரமாகத் திறக்கின்றன. இதுவே பாப்-அப். உலாவி இதனைத் தடுக்குமாயின், பொத்தானை எத்தனை முறை அழுத்தினும் ஒன்றும் தோன்றாது. பட்டியல் தேங்கி நிற்கும். உடனே தடையை அடியோடு நீக்கிவிடுவோர் உளர். அது கரையை வெட்டுவதேயாம்! கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, இந்த எண்ணுக்குப் பேசுக என்று மிரட்டும் போலிச் சாளரமும் அவ்வழியே நுழையும்.

பொதுவிதி தடுப்பாகவே இருக்கட்டும். குரோம் உலாவியின் தள அமைப்புகளில் பாப்-அப் பகுதியைத் திறந்து, அனுமதிப் பட்டியலில் உரிய தளத்தின் முகவரியை மட்டும் சேர்த்தல் வேண்டும். முகவரி ஜிஓவி.இன் என்று முடிகிறதா என முன்னதாக நோக்குக.

ஒன்றிய அலுவலகம் போன்று பல கணினிகள் ஒரே விண்டோஸ் டொமைனில் இணைந்துள்ள இடத்தில் ஒவ்வொன்றாக மாற்றுவது வீண் உழைப்பு. விண்டோஸின் குழுக் கொள்கையில் அப்பட்டியலை ஒருமுறை பதிந்தால் எல்லாவற்றுக்கும் அது சென்று சேரும். பின்னர் எவரும் விருப்பம்போல் மாற்ற இயலாது.

ஏமாந்து பணம் இழக்க நேர்ந்தால், 1930 என்னும் எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவித்தல் வேண்டும்.