மோட்டார் லைனில் கார் வேண்டாம்

அன்புள்ள தாராபுரத்து நண்பருக்கு,

மின்சாரக் கார் வாங்கினால் கோவைக்குப் போய்த் திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், தோட்டத்து மோட்டார் லைனிலேயே சார்ஜ் போட்டுக்கலாமே என்று உங்கள் அய்யன் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதுதான் வில்லங்கம்.

குண்டடம், பல்லடம், சூலூர் வழியாகக் கோவை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். போக வர 160. 2020-இல் வந்த முதல் நெக்ஸான் மின்காரில் பேட்டரி 30.2 யூனிட் பிடிக்கும். சோதனைச் சான்றிதழில் 312 கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். ஏசியோடு நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் 200 என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்படியும் வீடு வந்து சேரலாம். 19.2 யூனிட் தியாகோவை வாங்கிவிட்டு இந்தப் பயணத்துக்குக் கிளம்பாதீர்கள். அது ஊருக்குள் ஓட்டுகிற வண்டி.

நம் பக்கத்துக்கே உரிய சங்கதி ஒன்று உண்டு. வைகாசி தொடங்கிப் பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் மேல்காற்றுதான் இங்கே இத்தனை காற்றாலைகளையும் சுற்ற வைக்கிறது. கோவைக்குப் போகும்போது அதே காற்று உங்கள் முகத்தில் மோதும். போகையில் சார்ஜ் வேகமாக இறங்கும், திரும்பி வருகையில் மெதுவாக இறங்கும். ஆடி மாதத்தில் பல்லடம் தாண்டுவதற்குள் மீட்டரைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

இனி வீடு. காரோடு வரும் ஒயரை 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் 30 யூனிட் பேட்டரி நிரம்ப ஒரு ராத்திரி முழுக்க ஆகும். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் பெட்டியும் அந்த வேகத்தில் ஏற்றிக்கொள்ளும் காரும் என்றால் நாலைந்து மணி நேரம். 7.2 கிலோவாட் என்பது ஏறக்குறைய பத்து எச்.பி. மோட்டார். அந்த மோட்டாரை எவ்வளவு கனமான கேபிளில் ஓட்டுவீர்கள் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் தோட்டத்து மோட்டார் மூன்று ஃபேஸிலும் பாரத்தைப் பிரித்துக்கொள்ளும். இந்தப் பெட்டி பெரும்பாலும் ஒரே ஃபேஸில் 32 ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கும். கிரைண்டரும் ஏசியும் இருக்கும் ஃபேஸை விட்டுவிட்டு வேறொன்றில் கொடுக்கச் சொல்லுங்கள். மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எர்த் இன்னும் முக்கியம். சார்ஜர் எர்த்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். மழை மறைவுப் பூமியான நம் ஊரில் சித்திரையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தால் பாதிப் பேர் காரைத் திட்டுகிறார்கள். குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் புதுக் குழி எடுக்க வேண்டியதுதான்.

பில்லுக்கு வருகிறேன். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால், ஏற்றும்போது ஆகும் விரயமும் சேர்ந்து, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் வரை ஆகும். வீட்டுச் செலவோடு சேர்ந்தால் 500-ஐத் தாண்டும். தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுக்கு எட்டு ஒன்பது ரூபாய். கீழ்ப்படியில் இருந்த சலுகை விலையும் போய்விடும். அப்போதும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குப் பக்கம்தான். லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கும் பெட்ரோல் வண்டிக்கு ஏழு ரூபாய் ஆகிறதே. எனக்கு உறுத்துவது வேறு: காற்றாலைகள் கொட்டுகிற ஆடி ராத்திரியில் சார்ஜ் போட்டாலும் வீட்டு மீட்டருக்கு ஒரே விலை. பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கு நேரத்துக்கொரு கட்டணம் வைத்த ஒழுங்குமுறை ஆணையம் வீட்டுக்காரனை மறந்துவிட்டது.

இந்தப் பில்லுக்குப் பயந்துதான் அய்யன் இலவச மோட்டார் லைனைக் காட்டுகிறார். விவசாய இணைப்பில் காருக்குச் சார்ஜ் போடுவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தின் இரு மடங்கை வசூலிப்பார்கள். எப்போது தொடங்கினீர்கள் என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குச் சேர்த்தே போடுவார்கள். அய்யனுக்குச் சட்டத்தைவிட வேறொன்றைச் சொன்னால் உறைக்கும். 1970-இல் மின் கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் குண்டடிபட்டுச் செத்தார்கள். விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு காலமெல்லாம் போராடி, அவர் போன பிறகு 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்தது இலவச மின்சாரம். கிணற்றுக்கென்று வாங்கியதைக் காருக்கு எடுத்தால், அதைப் பிடுங்கக் காத்திருப்பவர்களுக்கு நாமே சாட்சி கொடுத்த மாதிரி.

பில்லைக் குறைக்க நேர்வழி கூரையில் இருக்கிறது. 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் வரை வரும். பகலில் கார் வெளியே இருந்தாலும் உற்பத்தி மின்வாரியத்துக்குப் போய், ராத்திரி எடுப்பதோடு கழிபடும்.

வெளியே சார்ஜ் போடுவதற்குக் கோவைக்காரர்களான ஜியான் உட்பட நிறையப் பேர் நிலையம் வைத்திருக்கிறார்கள். யூனிட்டுக்கு வீட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. தூரப் பயணத்துக்கு மட்டும் போதும். அங்கேயும் 80 சதவீதத்தில் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு மேல் ஏறுவது ஆமை வேகம், பின்னால் நிற்பவர் முறைப்பார்.

ஷோரூமுக்குப் போவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் பலகையைக் காட்டுங்கள். அவர் சொல்லும் கேபிள் செலவையும் கார் விலையோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

அன்புடன்.