ஸ்வெட்டர் தேவைப்படாத ஜனவரி: இராமேசுவரம் தீவில் ஒரு காலநிலைப் பாடம்

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை இரவு. அன்னூர் வட்டாரத்தில் உள்ள எங்கள் நடுநிலைப் பள்ளியின் முன்பு பேருந்து வந்து நின்றபோது மணி ஒன்பது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் 26 பேர் ஏறினார்கள். எல்லோரிடமும் ஸ்வெட்டர் இருந்தது. சிலர் தலையில் குல்லாய், ஒரு மாணவனிடம் தாத்தாவின் மப்ளர். தை மாதக் காலையில் எங்கள் பகுதியில் வாயைத் திறந்தால் புகை வரும். கடலோரம் என்றால் காற்றடிக்கும், இன்னும் குளிரும் என்பது பெற்றோர்களின் கணக்கு. நான் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டது வேண்டுமென்றேதான்.

‘கடல் அண்மை வெப்பநிலையை மிதப்படுத்தும்’ என்ற வரியை நான் 17 ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். மாணவர்கள் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் ‘மிதமான காலநிலை’ என்றால் என்ன என்று கேட்டால், பாதிப் பேர் ‘குளுகுளுன்னு இருக்கும்’ என்பார்கள். ஊட்டிக்கும் இராமேசுவரத்துக்கும் அவர்கள் மனத்தில் வேறுபாடு இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே இந்தக் களப்பயணத்தைத் திட்டமிட்டோம்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒரு சோதனை செய்தோம். ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள். ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர். வெயிலில் இரண்டு மணி நேரம், பிறகு நிழலில் இரண்டு மணி நேரம் வைத்து, அரை மணிக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். எளிய சோதனைதான், ஆனாலும் முதல் நாள் சொதப்பியது. ஒரு மாணவி ஆர்வத்தோடு கொண்டுவந்தது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. ஆய்வக வெப்பமானியை எடுத்தோம். அப்போதும் மணல் நாங்கள் எதிர்பார்த்தபடி சூடேறவில்லை. பள்ளிக்கு எதிரே வீடு கட்டும் இடத்தில் அள்ளிய மணல் அது, உள்ளே ஈரம். வந்த வெப்பத்தில் பெரும்பகுதி அந்த ஈரத்தைச் சூடாக்கவும் ஆவியாக்கவுமே போய்விட்டது. மறுநாள் மணலைக் காயவைத்துச் செய்தபோது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் இரண்டையும் செய்யுங்கள். ஈர மணலும் ஒரு பாடம்தான்.

ஒரு கிராம் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வெப்பம் வேண்டும். உலர்ந்த மணலுக்கு ஏறத்தாழ 0.8 ஜூல் போதும். ஐந்தில் ஒரு பங்கு. இத்துடன் இன்னும் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெயில் மண்ணின் மேல்தோலில் நின்றுவிடுகிறது, தண்ணீருக்குள்ளோ பல மீட்டர் இறங்குகிறது. அலையும் நீரோட்டமும் மேல்நீரைக் கீழே கலந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே கடல் மெதுவாகச் சூடேறி, மெதுவாக ஆறுகிறது.

வகுப்பில் மொத்தம் 35 பேர். ஒன்பது பேர் வரவில்லை. சிலர் வீட்டில் பணம் இல்லை. ஒரு மாணவியின் அம்மா, பெரியவளாகிவிட்ட பெண்ணை வெளியூரில் இரவு தங்க அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருடைய அப்பா விசைத்தறிக்குப் போகிறவர். நானும் தலைமையாசிரியரும் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினோம், பலனில்லை. களப்பயணம் என்றாலே வகுப்பு இரண்டாகப் பிரிகிறது, போனவர்கள் திரும்பி வந்து கதை சொல்ல, போகாதவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார்கள். ஆண்டுதோறும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த முறை அந்த மாணவியிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்தேன். “சனிக்கிழமை மத்தியானம் 2 மணி, ஞாயித்துக்கிழமை காலைல 6 மணி. வெயில் படாத இடத்துல, தரையில இருந்து உன் தோள் உயரத்துல தொங்கவிட்டு அளவு எடு. நாங்க அங்க அதே நேரத்துல எடுக்கறோம். நீ எடுக்கலைன்னா எங்க அளவுக்கு அர்த்தமே இல்ல” என்றேன். ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை இல்லை. ஒப்பிட ஓர் அளவு இல்லாமல் இராமேசுவரத்தில் மட்டும் எடுத்த எண்களை வைத்து என்ன செய்வது? மற்ற எட்டுப் பேரும் அவளுடைய குழு.

தாராபுரம், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி வழியாகச் சனிக்கிழமை விடியலில் மண்டபத்தைத் தாண்டினோம். 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல் பேருந்து ஏறியதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி நேராக மேலே எழும்பும். 1914-இல் கட்டிய பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து திறந்துவந்தது. ஸ்வெட்டர்கள் அதற்குள் இடுப்புக்கு இறங்கியிருந்தன. “ஏனுங் டீச்சர், இங்க குளுரே காணமுங்?” என்று முதலில் கேட்டவன் மப்ளர்காரன்.

பாம்பனில் வலை சீர்செய்துகொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். மாணவர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருந்தார்கள். பாலத்துக்கு வடக்கே கடல் அலையடிக்கிறது, தெற்கே அவ்வளவு இல்லை. அவர் சொன்னார்: “இது வாடைக் காத்து காலம். வடக்குப் பக்கம் அப்படித்தான் கெடக்கும். கச்சான் அடிக்கயில வாங்க, தெக்குப் பக்கம் ஆடும், வடக்குப் பக்கம் கொளம் மாதிரி கெடக்கும்.” வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள். காற்று மாறும்போது தொழிலுக்குப் போகும் பக்கத்தையும் மாற்றிக்கொள்பவர்கள் உண்டு.

வடகிழக்குப் பருவக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்று என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நான் நடத்துவதை அவர் இரண்டு வாக்கியங்களில் நடத்தி முடித்துவிட்டார். நான் சேர்த்தது ஒன்றே ஒன்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் தென்மேற்குப் பருவக்காற்றுதான், இவர் கச்சான் என்று சொல்வதும் அதே பருவத்துக் காற்றுதான். “அப்ப நம்மூர்க் காத்துதானுங்?” என்று ஒரு மாணவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை மதியம் 2 மணி. விடுதியின் நிழலில் 28 டிகிரி. வாளியில் மொண்ட கடல் நீர் 26. ஊரிலிருந்து அலைபேசியில் வந்த அளவு 30. மாணவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றவில்லை. “ரெண்டு டிகிரிதானுங்” என்றார்கள்.

ஞாயிறு காலை 6 மணிக்கு எங்கள் வெப்பமானி 24 காட்டியது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த அறையில் அலைபேசியை எல்லோரும் கேட்கும்படி வைத்தேன். “டீச்சர், 17ங்க. நானு போர்வையப் போத்திட்டு வாசல்ல உக்காந்திருக்கறனுங்க” என்றது அவள் குரல். ஒரு நொடி அமைதி. பிறகு ஒரே சிரிப்பு. யாரும் கேட்காமலே ஒருவன் நோட்டில் கழித்துப் பார்த்தான். ஊரில் 13 டிகிரி ஏற்ற இறக்கம், தீவில் 4.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. காலை அளவில் வந்த 7 டிகிரி வேறுபாட்டை முழுவதும் கடலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறைகிறது என்ற பாடநூல் கணக்குப்படி உயரத்தால் மட்டுமே 2, 3 டிகிரி போய்விடும். ஆனால் உயரம் காலையையும் மதியத்தையும் ஏறத்தாழ ஒரேபோலக் குறைக்கும். பகலுக்கும் இரவுக்கும் உள்ள இடைவெளியை அது 4-இலிருந்து 13 ஆக்காது. அந்த இடைவெளிக்குக் காரணம் உலர்ந்த காற்று, தெளிந்த வானம், சீக்கிரம் ஆறும் மண். தீவிலோ எந்தப் பக்கத்துக் காற்றும் கடலைத் தொட்டுத்தான் வருகிறது. ஆகவே மிதமான காலநிலையைக் கற்பிக்கும்போது ‘எவ்வளவு வெப்பம்’ என்று கேட்பதைவிட ‘எவ்வளவு இடைவெளி’ என்று கேளுங்கள். ஊட்டிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிறகு தனுஷ்கோடி. உடைந்த தேவாலயச் சுவர், இரயில் நிலையத்தின் மிச்சம், மணல். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து இரயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி இரயிலில் கொழும்பு போனார்கள் என்று சொன்னேன். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலைச் சொன்னேன். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலைக் கடல் இழுத்துக்கொண்டதையும், அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும் சொன்னேன். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பின்வரிசையில் உட்காரும், அதிகம் பேசாத மாணவன் ஒருவன் கேட்டான்: “கடலு மிதமா வெக்கும்னீங்க. மிதமா இருக்கற மார்கழில எப்புடிங் டீச்சர் இது வந்துச்சு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ‘அது புயல், இது காலநிலை’ என்று சமாளிக்கலாம். அப்படிச் சமாளித்த நாள்களும் உண்டு. அன்று ‘தெரியலப்பா, படிச்சுட்டு வந்து சொல்றேன்’ என்றேன்.

படித்துவிட்டு அடுத்த வாரம் சொன்னது இது. புயல் உருவாகவும் வலுக்கவும் மேல்கடல் நீர் ஏறத்தாழ 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். நிலம் டிசம்பரில் ஆறிவிடுகிறது. தென் வங்கக்கடல் அப்போதும் 27, 28 டிகிரியில் இருக்கிறது. கோடையிலும் அதற்குப் பிறகும் வாங்கிய வெப்பத்தைக் கடல் இன்னும் கைவிடவில்லை. இராமேசுவரத்தின் இரவைக் கதகதப்பாக வைத்திருக்கும் வெப்பமும் 1964-இல் அந்தப் புயலுக்குத் தீனி போட்ட வெப்பமும் ஒன்றேதான். இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்த அந்தப் புயல் நுழைந்த கடல் ஆழமில்லாதது. ஆழம் குறைந்த கடலில் காற்று தள்ளும் நீர் பரவ இடமில்லாமல் கரையில் உயர்ந்து ஏறும். கேட்ட மாணவன் இரண்டு டம்ளர் சோதனையை மறுபடி எடுத்து, தண்ணீர் டம்ளரைக் காட்டி, “அப்ப இது ஆறாம இருக்கறதுதானுங் ஆபத்து” என்றான். இந்த வாக்கியத்தை நான் எந்தப் பாடக்குறிப்பிலும் எழுதியதில்லை.

தனுஷ்கோடியில் இன்னொன்றும் பார்த்தோம். கடலுக்குச் சற்றுத் தள்ளி மணலில் இடுப்பளவுக் குழி. அதில் ஊறும் தண்ணீரைக் கடை வைத்திருந்த ஒரு அம்மா சிரட்டையில் மொண்டு கொடுத்தார். உப்பில்லை. ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டும் புகை மட்டுமே வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்கள் மாணவர்கள் அந்தக் குழியைவிட்டு நகர மறுத்துவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் ஏறத்தாழ 2.5 விழுக்காடு கனமானது, அதனால்தான் இந்த மிதப்பு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது பொதுக்கணக்கு. அதிகமாக இறைத்தால் உப்பு மேலேறிவிடும். அதனால் அவர்கள் மோட்டார் வைப்பதில்லை, சிரட்டையால் மொள்கிறார்கள். வகுப்பில் இதைக் காட்ட, சாயம் கலந்த உப்புநீரின் மேல் கரண்டியின் பின்புறம் வழியாக நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றினால் போதும்.

அரிச்சல்முனையில் யாரையும் கடலில் இறங்கவிடவில்லை. நீரோட்டம் இழுக்கும் இடம் அது. மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதில் இளகக் கூடாது. தொலைவில் ஆழமற்ற நீரில் பூநாரைகள் நின்றிருந்தன, அவற்றைப் பார்த்துக் கோபம் தணிந்தார்கள்.

அடுத்த வகுப்பில் வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்தது பயணம் வராத ஒன்பது பேர். ஊர்க் கோடு செங்குத்தாக ஏறி இறங்கியது, தீவுக் கோடு படுத்துக் கிடந்தது. போய் வந்தவர்கள் இடையிடையே சரிசெய்தார்கள். அந்த மாணவி ஒரு கேள்வியும் போட்டாள்: மே மாதம் எடுத்தால் இடைவெளி கூடுமா, குறையுமா? வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து, முடிவுக்கு வரவில்லை.

வெப்பமானி இப்போதும் அவளிடம்தான் இருக்கிறது. தீவில் அளவெடுக்க எங்களுக்கு ஆள் இல்லை. இராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் எவரேனும் இதைப் படித்தால், மே மாதம் முதல் வாரத்தில் ஐந்து நாள், உங்கள் மாணவர் ஒருவரை இந்த அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள். காலை 6 மணி, மதியம் 2 மணி. வெயில் படாத இடம், தோள் உயரம்.