பிள்ளையைக் கேட்டோமா?

ஐந்தாம் வகுப்பில் சரளமாக வாசிக்கும் மாணவி அவள். ஒரு திங்கட்கிழமை வாசிக்கச் சொன்னபோது, எழுந்து தலைகுனிந்து நின்றாள். இடைவேளையில் காரணம் தெரிந்தது. ஏழாம் வாய்பாட்டில் தடுமாறி அவள் அழுததை அம்மா படம்பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். தெருவே பார்த்துவிட்டது. வகுப்பிலும் "ஏழேழு எவ்வளவு?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

"அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லலாமே?" என்றேன்.

"நீங்களும் கேக்காமதானே டீச்சர் போட்டீங்க?"

உண்மைதான். போன மாதம் அவள் வாசித்த காணொலியைப் பெற்றோர் குழுவில் பகிர்ந்தது நான்தான். பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கினேன். கரும்பலகையில் நான்கு படங்களைக் குறிப்பிட்டேன்: பரிசு வாங்குவது, மழையில் ஆடுவது, அழுவது, சீருடையில் பள்ளிப் பெயர்ப்பலகை முன் நிற்பது. ஒவ்வொன்றையும் வீட்டார் பார்க்கலாமா, உறவினர் பார்க்கலாமா, எல்லாரும் பார்க்கலாமா, யாருமே வேண்டாமா என்று குழுவாகப் பேசச் சொன்னேன்.

பரிசு வாங்கும் படத்தைக்கூடச் சிலர் "வீட்டுக்கு மட்டும்" என்றார்கள். எந்தப் படம் கூச்சம் தரும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிறது. பெரியவர்களின் ஊகம் இங்கே போதாது, கேட்டால்தான் தெரியும்.

தொடர்ந்து இரண்டு செய்திகளைச் சொன்னேன். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்தாலும், ஒருவர் எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட் மறையாது. சீருடையும் பெயர்ப்பலகையும் ஒரு குழந்தையை எங்கே காணலாம் என்பதை முன்பின் தெரியாதவருக்கும் காட்டிக்கொடுக்கும்.

1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. அதன் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும், 16-ஆம் பிரிவு அந்தரங்க உரிமையையும் குழந்தைக்குத் தருகின்றன. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. படத்தைப் பகிர்பவரே பெற்றோர் என்றால், பிள்ளையை யார் கேட்பது? அந்தப் பழக்கம் வீட்டிலும் வகுப்பிலும்தான் உருவாக வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் யாரையும் குறை சொல்லவில்லை. கேட்காமல் நான் பகிர்ந்ததையும், அதற்காகப் பிள்ளையிடம் வருத்தம் தெரிவித்து நீக்கியதையும் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் அந்த அம்மா தனியாக வந்தார். "வெளியூர்ல இருக்கிற அவ அப்பா பாக்கட்டும்னுதான் போட்டேன், டீச்சர்" என்றார். அன்பில்தான் செய்திருக்கிறார். அப்பாவுக்கு மட்டும் அனுப்பினாலே போதுமே என்றேன், தலையசைத்தார்.

இப்போது வகுப்பில் செல்பேசியை எடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கிறேன்: எடுக்கலாமா? யாருக்கு அனுப்பலாம்? பிறகு வேண்டாம் என்று தோன்றினால் சொல்வாயா?

சென்ற வாரம் அவளிடமும் கேட்டேன். "இந்தப் பக்கம் வேணாம் டீச்சர். அடுத்த பக்கம் இன்னும் நல்லா வாசிப்பேன், அதை எடுங்க" என்றாள்.

காத்திருந்து எடுத்தேன்.