வாக்குரிமையும் பிரஜாவுரிமை அத்தாட்சியும்

வாக்களிக்க வருபவர் இந்நாட்டுப் பிரஜைதானா என்று அரசாங்கம் விசாரிப்பது நியாயமா? சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நியாயந்தான். இறந்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் வாக்குப் போடுவது திருட்டுக்குச் சமம். இதில் தர்க்கத்துக்கு இடமில்லை. ஆனால் அத்தாட்சி காட்டவேண்டியவர் யார், எத்தகைய அத்தாட்சி, அது ஏழைக்குக் கிடைக்கக்கூடியதா என்பவை வேறு கேள்விகள். இவற்றை விளங்கிக்கொள்ள நம் மலைநாட்டின் சரித்திரமே போதும். பெற்றோர் இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பது நல்லது.

1931-ல் இலங்கையில் சர்வஜன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளர் தாம் இங்கே நிலையாகக் குடியிருப்பதைக் காட்டவேண்டும் என்ற நிபந்தனை அன்றே இருந்தது. ஆயினும் பெருந்தொகையானோர் வாக்காளர் இடாப்பில் இடம்பெற்றனர். 1947-ம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் திரு. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் வெற்றிபெற்றார். தோட்ட மக்களின் பிரதிநிதிகள் வேறு சிலரும் பாராளுமன்றம் சென்றனர்.

மறு ஆண்டே, 1948-ன் 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்குமுன் இலங்கையில் பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தந்தை இங்கே பிறந்திருக்கவேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். தாம் இங்கே பிறந்தது மாத்திரம் போதாது. தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கிலேயே இல்லை. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கிராமத்து விவசாயிகள் பலரிடமும் பாட்டனின் பிறப்புப் பத்திரம் இருந்திராது. ஆனால் அவர்களிடம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. லயத்தில் இருந்தவனிடம் கேட்டார்கள். சட்டம் ஒன்றுதான், கேட்கப்பட்டவர்கள்தான் வேறு.

1949-ன் 3-ம் இலக்கச் சட்டம் பதிவின் மூலம் பிரஜையாக ஒரு வழி திறந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பே, இடைவிடாமல் இங்கே வசித்ததை நிரூபிக்கவேண்டும். விண்ணப்பிக்க இரண்டே வருடத் தவணை. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவர், தாயின் மரணத்துக்காக இந்தியா போய் நெடுநாள் தங்கியவர், எழுத்தறியாதவர், இவர்கள் எந்தக் கடுதாசியைக் காட்டுவார்கள்? சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. அவற்றில் அடங்கியோர் சுமார் 8 இலட்சம். பிரஜாவுரிமை பெற்றவர் ஏறக்குறைய 1,34,000 பேர்தான்.

அதே ஆண்டின் 48-ம் இலக்கச் சட்டம் பிரஜைகளுக்கு மாத்திரமே இடாப்பில் இடமென்றது. 1952 தேர்தலில் அந்தக் காங்கிரஸிலிருந்து ஒருவர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை. ருவான்வெல்லைத் தொகுதி இடாப்பைப் பற்றிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953-ல் தோற்றது. இவை பிரஜாவுரிமை பற்றிய சட்டங்களேயன்றி ஒரு சமூகத்துக்கு விரோதமானவை அல்ல என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பை மதிக்கிறோம். லயத்திலே இருந்தவனுக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா என்பதை நீங்களே யோசியுங்கள்.

பிறகு 1964 அக்டோபர் 30-ந் தேதி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிகுந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறு கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1988-லும், இறுதியாக 2003-ன் 35-ம் இலக்கச் சட்டத்தாலும் நாடற்றவர் பிரஜைகளானார்கள். தொடங்கி முடிய 55 ஆண்டுகள்!

இனி நம் வீட்டுக் காரியம். வாக்குச் சாவடியில் தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் முதலியவற்றில் ஒன்றைக் காட்டவேண்டும். தபாலில் வரும் வாக்காளர் அட்டை ஆளடையாளம் ஆகாது. பலர் அதை மாத்திரம் கொண்டுபோய்த் திரும்புகிறார்கள். அங்கி அணிந்த நானும் அட்டை காட்டியே வாக்களிக்கிறேன். அட்டை இருந்தாலும் இடாப்பில் பெயர் இல்லையேல் வாக்கில்லை. ஆகவே கிராம உத்தியோகத்தரிடம் வருடந்தோறும் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு 15 வயதானதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

ஞானஸ்நான அத்தாட்சி அரசாங்கப் பிறப்புப் பத்திரத்துக்குப் பதிலாகாது. கோயில் புத்தகத்தில் மரியம்மாள், பிறப்புப் பத்திரத்தில் மாரியம்மா, பள்ளிக்கூடத்தில் மேரி என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் இருக்கும் வீடுகள் நம் பங்கில் உண்டு. அத்தகையோர் இரண்டு பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் பின் அறைவீட்டுக்கு வாருங்கள். தேர்தல் அறிவிப்பு வருமுன்னே வாருங்கள்.