அஞ்சல்தலையில் மேயும் ஆடுகள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளைக்கு ஓர் அம்மையார் தம் மகளுடன் வந்தார். துணிப்பையிலிருந்து தடித்த ஆல்பம் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்து, "சார், இதை ஈடாக வைத்துக் கடன் தருவீர்களா?" என்று கேட்டார். மறைந்த அவர் கணவர் பல்லாண்டுகளாகச் சேர்த்த அஞ்சல்தலைகள் அவை. பக்கத்துக்குப் பக்கம் செம்மறி ஆடுகளும் மேய்ப்பர்களும்! மகளின் கல்லூரிக் கட்டணத்திற்குக் கெடு நெருங்கியிருந்தது.

நகையின்பேரிலும் வைப்புத்தொகையின்பேரிலும் கடன் உண்டு, அஞ்சல்தலையின்பேரில் இல்லை. கல்விக் கடனுக்கான விண்ணப்பத்தைக் கொடுத்தேன். ஆயினும் நானும் இளமையில் அஞ்சல்தலை சேர்த்தவன் என்பதால் ஆல்பத்தை எளிதில் திருப்பித்தர மனம் வரவில்லை. "விற்றால் எவ்வளவு கிடைக்கும்?" என்றார் அம்மையார். அன்று மாலை கணக்கு முடித்தபின் மூவரும் அமர்ந்து புரட்டிப் பார்த்தோம்.

நாடுவாரியாகச் சேர்ப்பவர் ஒரு வரிசையை முழுமையாக்கப் பெரும்பொருள் செலவிட நேரும். ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிரித்தானிய ஆட்சியின் நூற்றாண்டை ஒட்டி 1933இல் ஃபாக்லாந்துத் தீவுகள் வெளியிட்ட வரிசையே இதற்குச் சான்று. அதன் உச்ச மதிப்பான ஒரு பவுண்டுத் தலையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இருக்கிறார். அடிமட்டமான அரைப் பென்னித் தலையில் ரோம்னி மார்ஷ் இனச் செம்மறிக் கிடாய் நிற்கிறது. மன்னருக்காக முழு வரிசையின் விலை எங்கோ ஏறிவிட்டது. கிடாய் மட்டும் போதும் என்பவருக்கு மிகச் சிறிய தொகையே போதும். அந்தத் தீவுகளின் பிழைப்பே நெடுங்காலம் கம்பளியை நம்பி இருந்ததால், அது அங்கே இடம்பெற்றதில் வியப்பில்லை. பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' என்னும் இலத்தீன் சொல், கால்நடையைக் குறிக்கும் 'பெக்கூஸ்' என்பதிலிருந்து பிறந்தது. தமிழிலும் மாடு என்பதற்குச் செல்வம் என்ற பொருள் உண்டு. வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இதில் சற்றே உறவு தோன்றுவது இயல்புதானே!

ஆல்பத்தின் சிறந்த பக்கம் ஆஸ்திரேலியாவினுடையது. அந்நாட்டின் மெரினோ கம்பளித் தொழிலுக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் ஜான் மக்கார்தர். 1834இல் மறைந்த அவருடைய நூற்றாண்டு நினைவாக 1934இல் 2 பென்னி, 3 பென்னி, 9 பென்னி என மூன்று தலைகள் வெளிவந்தன. மூன்றிலும் மெரினோ கிடாய். 2 பென்னித் தலை மட்டும் இருமுறை ஒட்டப்பட்டிருந்தது. ஒன்று மிகுதி என்று அம்மையார் எண்ணினார். பூதக்கண்ணாடியை மகளிடம் கொடுத்து, ஆட்டை விட்டுவிட்டுப் பின்னணியைப் பார்க்கச் சொன்னேன். சிறிது நேரம் கழித்து, "குன்று வேறாக இருக்கிறது" என்றார். ஒன்றில் குன்றின் நிழற்கோடுகள் வெளிறியும் அடர்ந்தும் சீரின்றி அமைந்துள்ளன. மற்றதில் குன்று முழுவதும் ஒரே சீராகக் கருத்திருக்கிறது. கருங்குன்று வகைக்கு விலை கூடுதல். தந்தை அதை அறிந்தே இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறார்.

நியூசிலாந்தின் 1957ஆம் ஆண்டுத் தலைகள் இரண்டு மலிவானவை. அவற்றின் வரலாறோ பெரிது. 1882இல் 'டுனெடின்' என்னும் பாய்க்கப்பல் குளிரூட்டிய ஆட்டிறைச்சியுடன் புறப்பட்டு, 98 நாளில் இங்கிலாந்தை அடைந்தது. அதுவரை கம்பளியை மட்டுமே தொலைவுக்கு விற்க இயன்ற நாட்டிற்கு, இறைச்சிக்கும் கடல் கடந்த சந்தை திறந்தது. அதன் 75ஆம் ஆண்டு நினைவாக வெளியானவையே அந்த 4 பென்னி, 8 பென்னித் தலைகள்.

1991இல் சீனா வெளியிட்ட ஆட்டு ஆண்டுத் தலை சேகரிப்பாளருக்கு ஒரு வழக்கையே எழுப்பும். சீனச் சொல் செம்மறி, வெள்ளாடு இரண்டையும் குறிக்கும். ஜப்பானியர் அதைச் செம்மறி என்பர். வியட்நாமியர் வெள்ளாடு என்பர். இந்த ஆல்பத்தில் அதற்கென்று தனிப்பக்கம் ஒதுக்கிய தீர்ப்பு எனக்குச் சரியாகவே பட்டது. மேய்ப்பர்களை நாடுவோர் கிறிஸ்துமஸ் தலைகளைத் தேடலாம். பிரிட்டனின் 1967ஆம் ஆண்டு வரிசையில் இடையர்கள் குழந்தை இயேசுவை வணங்கும் ஓவியங்கள் உள்ளன.

இனி விலைக்கு வருவோம். ஆல்பத்தில் பாதிக்குமேல் மூலையில் அழகாக முத்திரை விழுந்து, பின்புறப் பசை கலையாமல் இருந்த தலைகள். இவை கடிதத்தில் பயணம் செய்தவை அல்ல. சேகரிப்பாளருக்கு விற்பதற்கென்றே முத்திரையிடப்பட்டவை. மங்கோலியா போன்ற நாடுகளின் கண்கவர் கால்நடைத் தலைகள் பல இவ்வாறே வந்து சேர்ந்தன. இவற்றை வாங்க ஆள் கிடைப்பது அரிது. மேலும், விலைப்பட்டியலில் காண்பது வணிகர் நமக்கு விற்கும் விலை. அவர் நம்மிடம் வாங்கும் விலை அதில் சிறு பகுதியே. அந்நியச் செலாவணியில் கொள்விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள இடைவெளியை அறிந்தவர்கள், இங்கே அது பன்மடங்கு என்று கொள்க. ஆகவே முதலீடு என்று எவரேனும் அஞ்சல்தலை விற்க வந்தால் நான் ஐயப்படுவேன்.

மொத்தத்தில் ஒரு பருவத்துக் கட்டணத்திற்கும் எட்டாது என்று சொல்ல நேர்ந்தது. அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அவர் ஏமாந்துவிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். மகள்தான் விடை சொன்னார்: "இல்லை அம்மா, அப்பா இரண்டு குன்றையும் பார்த்திருக்கிறார்."

கெடுவுக்கு முன்பே கல்விக் கடன் வழங்கப்பட்டது. பிறகு ஒருமுறை வந்தபோது மகள் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். இந்திய அஞ்சல்துறை 2010இல் வெளியிட்ட பன்னிரண்டு இராசித் தலைகளுள் மேஷத்திற்கென்று தந்தை பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருந்தார். என்னிடம் மிகுதியாக ஒன்று இருந்தது. இடுக்கியால் எடுத்துக் கொடுத்தேன். கைவிரல் ஈரம் பட்டால் பசை கெடும்.