பழம்பெரும் பள்ளிவாசலைக் காணச் செல்வோருக்கு

விடுமுறையில் திருமுல்லைவாயிலிலிருந்து மின்சார ரயிலேறி, திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலைக் குடும்பத்தோடு காணச் செல்வோர் உண்டு. செல்லுமுன் சிலவற்றை அறிந்துகொள்வோம்.

கூடுதல் நன்மை நாடிப் பயணம் செய்வதற்குரிய பள்ளிகள் மூன்றே: மஸ்ஜிதுல் ஹராம், மஸ்ஜிதுந் நபவி, மஸ்ஜிதுல் அக்ஸா. மற்றபடி பெரிய பள்ளியில் தொழும் இரண்டு ரக்அத்தும், நம் மஹல்லா பள்ளியில் தொழும் இரண்டு ரக்அத்தும் ஒன்றுதான். பிறகு எதற்காகப் போவது? படிப்பினை பெற.

1795-ல் நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் கட்டிய கருங்கல் பள்ளி இது. இங்குள்ள பாரசீகக் கல்வெட்டு வாசகத்தின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 என்று கட்டிய ஆண்டு வரும். அதை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்துப் புலவர். பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லுங்கள். நிர்வாகத்தாரிடம் அனுமதி பெற்று, பிற சமய அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள்.

பேண வேண்டிய ஒழுங்குகள்:

1. உளூவுடன் நுழைந்து, அமருமுன் தஹிய்யத்துல் மஸ்ஜித் இரண்டு ரக்அத் தொழுங்கள். செல்போனைப் பிறகு எடுக்கலாம்.
2. தொழுபவரின் குறுக்கே செல்லாதீர்கள்; அவரைப் படமெடுக்காதீர்கள்.
3. பாங்கு சொன்னால் சுற்றிப்பார்ப்பதை நிறுத்தி, ஜமாஅத்தில் சேருங்கள்.

நம் பயணங்களை அல்லாஹ் பயனுள்ளவையாக ஆக்குவானாக! ஆமீன்.