சீனி கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து

நீரிழிவு என்றதும் சீனி கூடுவதைப் பற்றி மட்டுமே நாம் நினைக்கிறோம். "சலரோகக்காரர் இனிப்புச் சாப்பிடக்கூடாது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் இடம்பெயர்ந்து வாழும் ஒருவரைச் சொற்ப நேரத்தில் வீழ்த்தக்கூடியது சீனி குறைவதுதான். ஆகவே அதையே முதலில் படிப்போம்.

சொந்த ஊரில் வயலில் நின்றவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வந்தது. இடம்பெயர்ந்த இடத்தில் அரிசி கிடைத்த நாளில் சோறு. கிடைக்காத நாளில் வெறுந்தேநீர். குளிசையை மட்டும் வழமைபோலவே போடுகிறோம். கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. நாம் உண்டோமா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. வெறும் வயிற்றில் அவற்றைப் போட்டுக்கொண்டு பற்றை வெட்டவோ, கூலிக்கு மண் கொத்தவோ போனால் இரத்தத்தில் சீனி விழுந்துவிடும். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. எனவே உங்கள் குளிசையின் பெயரை அறிந்து வைத்திருங்கள். "சின்ன வெள்ளைக் குளிசை" என்றால் வைத்தியருக்கும் விளங்காது!

கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, கடும் பசி, நெஞ்சுப் படபடப்பு என்பவை முதலில் தோன்றும். பின்னர் பேச்சுக் குழறும், காரணமின்றிக் கோபம் வரும், நடை தள்ளாடும். பின்னேரம் வீதியோரத்தில் ஒருவர் இப்படி நின்றால், "குடித்திருக்கிறார்" என்று விலகிப் போகிறோம். அவர் நீரிழிவு நோயாளியாயின் அந்த விலகல் அவரது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் குறைந்தால் அது தாழ்ந்த சீனி. அளக்கும் கருவி இல்லையென்று காத்திருக்க வேண்டாம். 3 அல்லது 4 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்ததும் சோறோ பாணோ சாப்பிட வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது சுவாசக் குழாய்க்குள் போய்விடும். ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். கிளிபென்கிளமைட்டின் வேலை நீண்ட நேரம் நிற்பதால், தெளிந்த பின்னும் சீனி மறுபடி விழலாம். முதியோரும் சிறுநீரகம் பழுதடைந்தோரும் தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவே வேண்டும்.

சாப்பாடு தவறும் நாளில் குளிசையை என்ன செய்வது? இதை அடுத்த கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள். சாப்பாடு இல்லாத நாள் உண்டு என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். அது தெரியாமல் வைத்தியர் அளவைத் தீர்மானிக்க முடியாது. சீனியைக் குறைக்கும் அத்தகைய குளிசைகளைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். இன்சுலின் ஏற்றுபவர்களோ தாமாக அதை நிறுத்திவிடக்கூடாது.

சீனி கூடுவது மெதுவாக வரும் ஆபத்து. வாரக்கணக்கில் மருந்து இல்லாதிருப்பது, காய்ச்சல், மண்வெட்டி பட்டுச் சீழ்பிடித்த புண் என்பன அதை ஏற்றிவிடும். அடிக்கடி சலம் போகும், தாகம் எடுக்கும், கண் மங்கும். சிலருக்கு 600 மில்லிகிராமையும் தாண்டி, உடல் வரண்டு, புத்தி தடுமாறி மயக்கமடைவர். தாகத்துக்குச் சோடாவும் இனிப்புப் பானமும் கொடுப்பது நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும், தண்ணீரே போதும். மலசலகூடம் தூரம், இரவில் போகப் பயம் என்று எமது பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். நீரிழிவுள்ள பெண்ணுக்கு இது மிகக் கெடுதல். துணைக்கு ஒருவர் போகும் ஒழுங்கைக் குடும்பத்தாரே செய்து கொடுக்க வேண்டும். வாந்தியும் தடுமாற்றமும் கண்டால் விடியும்வரை பொறுக்காது கொண்டு செல்லுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத இடத்தில் இன்சுலினை வெயில் படாமல் வைக்க ஒரு வழி உண்டு. பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி, மணலை நனைத்து வாருங்கள். மருந்துப் போத்தல் நனையாமல் உட்பானையில் இருக்கட்டும்.

1995 இலும் 2009 இலும் காணி உறுதியைக் கவனமாக எடுத்துவந்த பலர் கிளினிக் கொப்பியை விட்டுவந்தனர். கொப்பி, ஒரு கிழமைக் குளிசை, முடிச்சுப் போட்ட சிறுபொதிச் சீனி ஆகிய மூன்றையும் பொலித்தீன் பையொன்றில் சுற்றி, அடையாள அட்டையோடு வையுங்கள். வேலைக்குப் போகும்போது சீனிப்பொதி மடியில் இருக்கட்டும். அது எதற்கென்று பக்கத்தில் வேலை செய்பவருக்கும் சொல்லி வையுங்கள்.